இழுக்க 37 ஆம்பியர், பிடிக்க 1 ஆம்பியர்: ஒரு கல்யாண மண்டபத்தில் எரிந்த மூன்று சோலினாய்டுகள்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே 62.5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சினின் டீசல் பம்பில் உள்ள ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் 12 வோல்ட் சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்), அந்த ஜெனரேட்டரில் மூன்று முறை எரிந்துபோனது. மூன்றாவது எரிந்தது முகூர்த்த நேரத்தில். மின்சாரம் போய், எஞ்சின் கிளம்பி, பத்து நொடியில் நின்று, மறுபடி கிளம்பி, மறுபடி நின்று, கடைசியில் ஜெனரேட்டர் கூண்டுக்குள்ளிருந்து வார்னிஷ் கருகிய வாடை வந்தது. மேளச் சத்தத்தில் எஞ்சின் நின்றதே முதலில் யாருக்கும் தெரியவில்லையாம்.

என்னைக் கூப்பிட்டபோது மூன்று பேர் மூன்று முடிவோடு இருந்தார்கள். மண்டப மேலாளருக்குக் கடைக்காரர் டூப்ளிகேட் பொருளைத் தள்ளிவிடுகிறார் என்ற சந்தேகம். பேனல் போட்டுக் கொடுத்தவர் எஞ்சினில் கோளாறு என்றார். எஞ்சின் மெக்கானிக் பேனலைக் கை காட்டினார். கடைசி இருவரும் பாதிப் பாதி சரி. கடைக்காரர் மீது மட்டும் எந்தத் தப்பும் இல்லை.

முன்கதை

இது பழைய பாணி எஞ்சின். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பல வருடம் ஓடியது. அந்தக் காலம் முழுவதும் ஒரே சோலினாய்டுதான். பிறகு மின்சாரம் போனால் தானாகவே கிளம்பட்டும் என்று ஏ.எம்.எஃப். எனும் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பேனல் வைத்தார்கள். வைத்த அன்றே முதல் சோலினாய்டு எரிந்தது. பேனல்காரர் வயரிங்கை மாற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தொந்தரவு இல்லை. அப்புறம் புகை அதிகம் வருகிறதென்று டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு, அதாவது டீசல் அளவைச் சரிசெய்ய, அனுப்பினார்கள். பம்ப் திரும்பி வந்து மாட்டிய பின், அடுத்தடுத்து இரண்டு சோலினாய்டுகள் போயின.

முதல் எரிவுக்கும் பின்னால் வந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனால் எரிந்த விதம் ஒன்றே: இழுப்பதற்காகக் கொடுத்த மின்சாரம், பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் ஆன் நிலையில் இருக்கும் சோலினாய்டு எரிந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். வேறு காரணம் கிடைப்பது அபூர்வம்.

அந்தப் பொருள் செய்யும் வேலை

இப்படிப்பட்ட எஞ்சின்களில் ஸ்டாப் லீவரை ஒரு ஸ்பிரிங் எப்போதும் ‘நிறுத்து’ பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். சோலினாய்டு அதை எதிர்த்து ‘ஓடு’ பக்கம் இழுத்தால்தான் டீசல் போகும். எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் இழுத்தபடியே இருக்க வேண்டும். ஒயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் எஞ்சின் நின்றுவிடும். கட்டுப்பாடு இழந்த எஞ்சின் ஓடுவதைவிட நிற்பது மேல் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு. அதற்கு விலை, நான்கு மணி நேரக் கல்யாணம் என்றால் காயிலில் நான்கு மணி நேரமும் மின்சாரம் ஓடும்.

மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். ஏறிய பின் சுமந்து நடக்க ஒருவர் போதும். சோலினாய்டின் சங்கதியும் இதேதான். பிளஞ்சர் எனும் இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அதற்கும் உள்ளே இருக்கும் இரும்பு முகத்துக்கும் இடையே ஓர் அங்குல அளவு காற்று. காந்தப்புலம் அந்தக் காற்றைத் தாண்ட வேண்டும். இடைவெளி இரட்டிப்பானால் விசை ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். அதனால் முதல் இழுப்புக்கு ஏராளமான ஆம்பியர் தேவை. பிளஞ்சர் உள்ளே போய் இரும்போடு இரும்பு ஒட்டிவிட்டால் இடைவெளி அநேகமாக இல்லை. இழுக்கத் தேவைப்பட்டதில் மிகச் சிறு பங்கே அதைப் பிடித்து நிறுத்தப் போதும்.

ஆகவே இந்தச் சோலினாய்டுக்குள் இரண்டு வைண்டிங், அதாவது கம்பிச் சுற்று. ஒன்று தடித்த கம்பி, இழுக்க. மற்றது மெல்லிய கம்பி, பிடிக்க. வெளியே மூன்று ஒயர்: இழுப்பு, பிடிப்பு, எர்த். மண்டபத்துக்கு வாங்கிய புதிய பொருளை அளந்தபோது இழுப்பு வைண்டிங் 0.3 ஓம், பிடிப்பு வைண்டிங் 12 ஓம். பேட்டரியிலிருந்து ஒயர் வழியாக இழந்தது போக, சோலினாய்டின் முனையில் கிடைத்தது 11 வோல்ட். அதில் இழுப்பு வைண்டிங் எடுப்பது சுமார் 37 ஆம்பியர், அதாவது 400 வாட். பிடிப்பு வைண்டிங் 12 வோல்ட்டில் எடுப்பது 1 ஆம்பியர், 12 வாட். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டப்பாவுக்குள் 400 வாட் என்பது சின்ன இஸ்திரிப் பெட்டிக்குரிய சூடு. ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடாவதற்காகவே செய்தது. இங்கே செம்புக் கம்பியின் மேல் எனாமல் பூச்சுதான் இருக்கிறது.

முதல் எரிவு

சாவிக் காலத்தில் இழுப்பு ஒயர் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கட்டளை முனையில் இருந்தது. சாவியைத் திருகிப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று நொடி மட்டும் இழுப்பு வைண்டிங்குக்கு மின்சாரம். எஞ்சின் பிடித்ததும் கை தானாகவே சாவியை விடும். அந்த மனிதக் கைதான் பல வருடமாக டைமர் வேலை பார்த்தது. யாரும் அதை டைமர் என்று நினைக்கவில்லை. ஆகவே பேனல் வந்தபோது அந்த வேலையை யாருக்கும் ஒப்படைக்கவும் இல்லை.

பேனலில் ‘ஃபியூயல்’ என்றொரு அவுட்புட், ‘கிராங்க்’ என்றொரு அவுட்புட். சோலினாய்டில் இரண்டு உயிர் ஒயர்கள். பேனல்காரர் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து இரண்டையும் சேர்த்து ‘ஃபியூயல்’ அவுட்புட்டில் முறுக்கிவிட்டார். எஞ்சின் அழகாகக் கிளம்பியது. அரை நிமிடத்தில் புகை. இதில் ஆராய ஒன்றுமில்லை, கணக்கு மட்டும் போதும்.

பிரித்துப் பார்த்த காயில்

மூன்றாவதாக எரிந்ததை அவர்கள் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள். வாங்கிப் பட்டறையில் உறையை அறுத்துப் பிரித்தேன். இதைச் செய்யாமல் புதுக் காயில் மாட்டுகிறவர்கள் மீது எனக்குச் சற்றே கோபம் உண்டு. எந்த வைண்டிங் கருகியது என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

மெல்லிய கம்பி, தடித்த கம்பியைத் தொட்ட பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தது. மற்ற அடுக்குகளில் செம்பின் நிறம் அப்படியே. தடித்த கம்பியில் எனாமல் முழுக்கக் கரியாகி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. பக்கத்துச் சுற்றோடு சுற்று ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தது. அதாவது நான்கு மணி நேரம் ஓட வேண்டிய வைண்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி வேலை செய்ய வேண்டியதுதான் வெந்திருந்தது. கூண்டுக்குள் வெப்பம் அதிகம், ஒரு ஃபேன் வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்த யோசனை இதோடு அடிபட்டுப்போனது. சத்தத்தை 1 மீட்டரில் 75 டெசிபலுக்குள் அடக்க வேண்டும் என்ற விதிக்காகச் சுற்றிலும் மூடிய கூண்டு அது. உள்ளே சூடு இருக்கத்தான் செய்யும். அந்தச் சூட்டில் முதலில் சோர வேண்டியது பிடிப்பு வைண்டிங். அது சோரவில்லை.

தடித்த கம்பியை முழுவதும் பிரித்து எடை போட்டேன்: 150 கிராம். இந்த எண் பிறகு உதவும்.

பத்து நொடி

மண்டபத்து எலக்ட்ரீசியன் இளைஞர்; கண் கூர்மையானவர். அவர் சொன்ன ஒரு விவரம் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. “எஞ்சின் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம்தான் ஓடுகிறது சார். நன்றாகப் பிடித்து, வேகம் எடுத்து, அப்புறம் யாரோ அணைத்தது மாதிரி நிற்கிறது.”

டீசலில் காற்று புகுந்து நிற்கும் எஞ்சின் இப்படி நிற்காது. தடுமாறும், இருமும், ஒரு முறை ஐந்து நொடி, மறுமுறை இருபது நொடி என்று ஓடும். ஒரே அளவு நேரம் ஓடி நிற்கிறதென்றால் எங்கோ ஒரு கடிகாரம் இருக்கிறது என்று பொருள். பேனலைத் திறந்தால் அது இருந்தது. முதல் எரிவுக்குப் பிறகு இழுப்பு ஒயருக்குத் தனி டைமர் ரிலே வைத்திருந்தார் பேனல்காரர். நல்ல யோசனைதான். ஆனால் ‘இருக்கட்டும், பாதுகாப்புக்கு’ என்று அதை 10 நொடிக்குத் திருகி வைத்திருந்தார்.

நடந்தது இப்படி. மின்சாரம் போனதும் இழுப்பு வைண்டிங்குக்கு 10 நொடி மின்சாரம். லீவர் திறக்கிறது, எஞ்சின் கிளம்புகிறது. பத்தாவது நொடியில் டைமர் விடுகிறது. இனிமேல் பிடிப்பு வைண்டிங் மட்டும். அது பிடிக்கவில்லை, ஸ்பிரிங் லீவரைத் திருப்பித் தள்ளுகிறது, எஞ்சின் நிற்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி இதை ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எடுத்துக்கொண்டு இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 10 நொடி, 400 வாட். மூன்றும் தோற்றால் அலாரம் அடித்துப் பூட்டிக்கொள்ளும். உடனே யாராவது ஓடிவந்து ரீசெட் அழுத்துவார்; மறுபடியும் மூன்று.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். செம்பு 1 கிராமை 1 டிகிரி சூடேற்ற 0.385 ஜூல் வேண்டும். 150 கிராமுக்கு ஏறக்குறைய 58 ஜூல். பத்து நொடிக்குள் வெப்பம் வெளியே போக வழியில்லை, எல்லாம் கம்பியிலேயே தங்கும் என்று கொள்வோம். செம்பு சூடாகச் சூடாக அதன் தடை ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம், ஆகவே வாட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதையும் சேர்த்தே கணக்கிட்டேன். சற்று முன் ஓடி நின்ற எஞ்சின், கூண்டுக்குள் 60 டிகிரி என்று தொடங்கினால், முதல் முயற்சியின் முடிவில் கம்பி 120 டிகிரியை நெருங்குகிறது. இரண்டாவதில் 165. மூன்றாவதில் 210.

காயில்களின் இன்சுலேஷன் வகுப்புகளில் பி என்பது 130 டிகிரி, எஃப் 155, ஹெச் 180. எஃப் வகுப்பு இரண்டாம் முயற்சியிலேயே எல்லை தாண்டிவிட்டது. ஹெச் மூன்றாவதில் போய்விட்டது. உலகத்தில் எந்தக் கம்பெனியின் காயிலை வாங்கி மாட்டியிருந்தாலும் இதே கதிதான். கடைக்காரர் பாவம்.

பிடிப்பு ஏன் பிடிக்கவில்லை

டைமர் தப்பு என்றால், பம்ப் கழற்றும் முன் ஒரு வருடம் எப்படி ஓடியது? முன்பும் 10 நொடிதான். ஆனால் அப்போது முதல் முயற்சியிலேயே பிடிப்பு வைண்டிங் ஏற்றுக்கொண்டது. காயில் 120 டிகிரி வரை போய் மெல்ல ஆறியது. அதிலேயே அதன் ஆயுள் தேய்ந்திருக்கும், ஆனால் எரியவில்லை. பம்ப் திரும்பி வந்த பிறகு பிடிப்பு தோற்கத் தொடங்கியது. அதனால்தான் பொறுப்பு இரண்டு பக்கமும் என்று சொன்னேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியிலிருந்து பிடிப்பு ஒயருக்கு மட்டும் நேராக மின்சாரம் கொடுத்து, பிளஞ்சரைக் கையால் உள்ளே தள்ளிப் பார்த்தேன். தள்ளிய வரை போயிற்று. கையை எடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. பிறகு லீவரோடு இணைக்கும் ராடைக் கழற்றிவிட்டு அதையே செய்தேன். இப்போது பிளஞ்சர் இன்னும் சற்று உள்ளே போய் ‘டக்’ என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. கையை எடுத்தாலும் வரவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தும் அசையவில்லை. அதே வைண்டிங், அதே 1 ஆம்பியர்.

ராடு மாட்டியிருந்தபோது அந்த ‘டக்’ சத்தம் வரவே இல்லை. பிளஞ்சர் அடி தொடுவதற்கு 2, 3 மில்லிமீட்டர் முன்பே லீவர் தன்னுடைய எல்லையில் முட்டி நின்றுவிட்டது. பம்ப் பட்டறையில் லீவரைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது தண்டின் பல்லில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பம்பைப் பொறுத்தவரை அதில் குறை எதுவும் இல்லை, டீசல் முழுவதும் திறக்கிறது. காலிபரேஷன் பெஞ்சில் வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த 2, 3 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டிப் பிடிக்க 37 ஆம்பியருக்குத் தெம்பு உண்டு. 1 ஆம்பியருக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான குழப்பத்தையும் பேசிவிடலாம். ‘பிளஞ்சர் முழுக்க வராவிட்டால் காயில் எரியும்’ என்பது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அது ஏ.சி. (மாறுதிசை மின்சார) சோலினாய்டுக்கு நேரடியாகப் பொருந்தும். ஏ.சி. காயிலில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதன் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் குணம். பிளஞ்சர் உள்ளே வந்து இரும்புச் சுற்று மூடினால்தான் இண்டக்டன்ஸ் ஏறி ஆம்பியர் இறங்கும். நடுவில் தூசியோ துருவோ சிக்கினால் ஆம்பியர் இறங்காது, சில நிமிடத்தில் காயில் கருகும். பேட்டரியில் ஓடும் டி.சி. (நேர்திசை மின்சார) காயில் அப்படியில்லை. நிலைத்த பிறகு அதில் ஓடுவது வோல்ட்டை ஓமால் வகுத்தது மட்டுமே. பிளஞ்சர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் பிளஞ்சர் முழுக்க வராதது காயிலைத் தானாக எரிக்கவில்லை. பிடிப்பைத் தோற்கடித்து, இழுப்பை மீண்டும் மீண்டும் வரவழைத்து, அந்த வழியாக எரித்தது. காயிலுக்குள்ளேயே சுவிட்ச் வைத்த இரண்டு ஒயர் வகைகளும் இருக்கின்றன. பிளஞ்சர் அடி தொடும்போது அந்த சுவிட்ச் இழுப்பு வைண்டிங்கைத் துண்டிக்கும். அவற்றில் 1 மில்லிமீட்டர் குறைந்தாலும் இழுப்பு வைண்டிங் ஆனிலேயே இருந்து நேராகவே எரியும்.

செய்த மாற்றங்கள்

முதலில் ராடு. அதன் நுனியில் உள்ள திருகு மூட்டைச் சுற்றி நீளத்தைச் சரிசெய்து, லீவரை ஒரு பல் திருப்பி மாட்டினோம். பிளஞ்சர் அடி தொட்டு ‘டக்’ என்ற பிறகும் லீவர் தன் எல்லையிலிருந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதுதான் அளவு. அதற்காக லீவர் மிகவும் குறைவாகத் திறந்துவிடவும் கூடாது. முழுச் சுமையில் எஞ்சின் வேகம் இறங்காமல் இருக்கிறதா என்று மண்டபத்துக் குளிர்சாதன இயந்திரங்களை எல்லாம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டோம். ராடு பிளஞ்சருக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோணலாக இழுத்தால் பிளஞ்சர் ஒரு பக்கம் உரசி, நாளடைவில் அதே 2 மில்லிமீட்டரில் சிக்கும்.

டைமரை 10 நொடியிலிருந்து 1 நொடிக்குக் குறைத்தேன். பிளஞ்சர் பயணம் அரை நொடிகூட எடுப்பதில்லை. 1 நொடியே தாராளம். கூடவே வரிசையையும் மாற்றினேன். முன்பு இழுப்பும் செல்ஃப் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. செல்ஃப் சுழலும்போது பேட்டரி வோல்ட் நன்றாக இறங்கும். விசை ஆம்பியரின் வர்க்கத்தோடு போவதால், கொஞ்சம் வோல்ட் இறங்கினாலும் இழுப்பு வெகுவாகத் தளரும். இப்போது ‘ஃபியூயல்’ வந்ததும் முதலில் இழுப்பு; அது முடிந்து பிளஞ்சர் பிடிப்பில் உட்கார்ந்த பிறகே செல்ஃப். நிறைந்த பேட்டரியின் முழு பலத்தில் இழுப்பு நடக்கிறது. இனி கருவி மூன்று முயற்சி செய்தாலும், முயற்சிக்கு 7 டிகிரிதான் ஏறும்.

ஒயரிங். இழுப்புக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஓடியிருந்தது. போக 2 மீட்டர், வர 2 மீட்டர். அதில் மட்டும் கிட்டத்தட்ட 0.05 ஓம். 12 ஓம் காயிலுக்கு 0.05 ஓம் தூசு, 0.3 ஓம் காயிலுக்கு அது ஆறில் ஒரு பங்கு. இழுப்பு விசையில் கால் பங்கை ஒயர் விழுங்கியிருக்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம், எர்த் பக்கமும் சேர்த்து. பலரும் உயிர் ஒயரைத் தடிப்பாகப் போட்டுவிட்டு எர்த்தை எஞ்சின் போல்ட்டின் பெயின்ட் மேல் முடுக்கிவிடுகிறார்கள்.

ரிலே. பழைய ரிலேயைத் திறந்தால் காண்டாக்ட் குழி விழுந்து கருத்திருந்தது. 37 ஆம்பியர் ஓடும் சுருளைத் திடீரென்று துண்டித்தால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் பொறியாகக் காண்டாக்டில் பாயும். அப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது டைமர் 1 நொடியில் விட்டாலும் ரிலே விடாது, அரை நிமிடத்தில் நான்காவது காயிலும் போயிருக்கும். புது ரிலேயோடு, அந்த ஆற்றல் காண்டாக்டில் பாயாமல் சுருளுக்குள்ளேயே சுழன்று தீர, இழுப்பு வைண்டிங்கின் குறுக்கே ஒரு டயோடும் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவது) வைத்தோம். டயோடு வைத்தால் சோலினாய்டு விடுவது சற்றுத் தாமதமாகும் என்பது உண்மை. ஒரு நொடியின் சிறு பங்கு. டீசல் எஞ்சின் ஓடி நிற்கவே சில நொடி ஆகும் இடத்தில் அது பொருட்டில்லை. வேகமாக விட வேண்டிய இடமாக இருந்தால், உதாரணமாக பேக்கிங் இயந்திரத்து வால்வு, டயோடோடு ஜீனர் எனும் இன்னொரு வகை டயோடைச் சேர்ப்பார்கள்.

பிடிப்புச் சூட்டை அளப்பது

இழுப்புப் பிரச்சினை தீர்ந்த பிறகும் நான்கு மணி நேரக் கேள்வி மிச்சம் இருக்கிறது: பிடிப்பு வைண்டிங் தாங்குமா? அதைக் கை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. 60 டிகிரியிலேயே கை பின்வாங்கிவிடும். தொடர்ந்து ஓடும் நல்ல காயில்களின் உறை அதற்கு மேலும் போகும். ‘தொட முடியவில்லை, எரியப்போகிறது’ என்று நன்றாக இருக்கும் காயிலைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். லேசர் தெர்மாமீட்டரும் உறையைத்தான் பார்க்கும். உள்ளே இருக்கும் செம்பு வேறு கதை.

செம்பே தெர்மாமீட்டர். ஓடும் முன் காயிலின் தடையையும் அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் ஓடிய பின் மின்சாரத்தை நிறுத்தி, ஆறுவதற்கு முன் சட்டென்று மறுபடி தடையை அளக்க வேண்டும். ஆரம்ப வெப்பநிலையோடு 234.5-ஐக் கூட்டி, அதைப் புதிய தடைக்கும் பழைய தடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, 234.5-ஐக் கழித்தால் செம்பின் சராசரி வெப்பநிலை வந்துவிடும். மண்டபத்தில் காலையில் 32 டிகிரி, 12.0 ஓம். மூன்று மணி நேரம் சுமையோடு ஓடிய பின் 15.1 ஓம். கணக்கு 101 டிகிரி என்றது. எஃப் வகுப்புக்கு 155 வரை இடம் உண்டு.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் என்று அச்சடித்த காயிலுக்கு, எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட். வாட் வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் 12 வாட் 16 வாட் ஆகிவிடும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். சூடேறித் தடை கூடும்போது அது 13 வாட்டுக்கு இறங்கிக்கொள்கிறது. காயிலைத் தேர்ந்தெடுக்கும்போது பேட்டரியின் பெயரைப் பார்க்காமல் சார்ஜிங் வோல்ட்டைப் பார்க்க வேண்டும்.

ஒரே வைண்டிங் உள்ள இடங்களில்

இந்த மண்டபத்தில் இரண்டு வைண்டிங் ஏற்கெனவே இருந்தது, அதனால் வேலை எளிது. கதவுப் பூட்டு, தண்ணீர் வால்வு, சிறு இயந்திரங்கள் இவற்றில் பெரும்பாலும் ஒரே வைண்டிங்தான். அங்கே முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் உள்ள ‘ஈ.டி.’ சதவீதம். 100 என்றால் எவ்வளவு நேரமும் ஆனில் இருக்கலாம். 25 என்றால் நூற்றில் 25 பங்கு நேரம். இதை ‘மணிக்கு 15 நிமிடம் ஓட்டலாம்’ என்று படித்துக் காயிலைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. அந்தச் சதவீதம் பொதுவாக 5 நிமிடச் சுழற்சியை வைத்துச் சொல்வது. 25 என்றால் ஒரே மூச்சில் 75 நொடி, பிறகு ஓய்வு.

25 சதவீதக் காயிலை நாள் முழுக்கப் பிடிக்க வைக்க வேண்டுமென்றால், இழுத்த பின் ஆம்பியரைக் குறைக்க வேண்டும். எளிய வழி, காயிலுக்குச் சமமான தடையைத் தொடரில் வைத்து, தடையின் குறுக்கே ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போடுவது. ஆன் செய்த கணத்தில் கெப்பாசிட்டர் வழியாகக் காயிலுக்கு முழு வோல்ட். நிரம்பியதும் பாதி வோல்ட். காயிலின் சூடு கால் பங்காகிவிடும். தடை தன் பங்குக்குச் சுடும் என்பதும், உடனுக்குடன் ஆன் ஆஃப் செய்தால் கெப்பாசிட்டர் காலியாக நேரம் இருக்காது, இரண்டாவது இழுப்பு தோற்கும் என்பதும் இதன் குறைகள்.

இன்றைக்கு நல்ல வழி பி.டபிள்யூ.எம். முதல் சில நூறு மில்லி நொடிக்கு முழு மின்சாரம், பிறகு வேகமாக ஆன் ஆஃப் செய்து சராசரியை 40 சதவீதத்துக்கு இறக்குவது. ஆம்பியர் 40 சதவீதம் என்றால் சூடு 16 சதவீதம். காயிலின் குறுக்கே டயோடு இருந்தால்தான் ஆஃப் நேரத்திலும் மின்னோட்டம் உள்ளே சுழன்று பிடிப்பு தொடரும்; டயோடு இல்லாமல் செய்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். வேகம் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் காயில் கீச்சிடும், படுக்கையறைப் பூட்டில் அது எரிச்சலூட்டும். சொட்டுநீர்ப் பாசன வால்வுகளில் இன்னும் நேர்த்தியான தீர்வு இருக்கிறது: நிரந்தரக் காந்தம் பிடிப்பு வேலையை ஏற்றுக்கொள்ள, திறக்க ஒரு துடிப்பு, மூட எதிர்த்திசையில் ஒரு துடிப்பு. இடையில் மின்சாரமே இல்லை. அதனால்தான் ஒரு சிறு 9 வோல்ட் பேட்டரியே அந்தக் கன்ட்ரோலர்களை மாதக்கணக்கில் ஓட்டுகிறது. ஆனால் மின்சாரம் போனால் தானாக மூடாது என்பதால் எஞ்சின் நிறுத்தத்துக்கு அது ஆகாது.

மண்டபத்துக்கும் பி.டபிள்யூ.எம். கருவி வைக்கலாமே என்று மேலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதிர்ந்துகொண்டே இருக்கும் எஞ்சினில் பிடிப்பு ஆம்பியரை இழுத்துக் குறைப்பது, ஏதோ ஒரு குலுக்கலில் பிளஞ்சர் கழன்று எஞ்சின் நிற்பதற்கு வழி செய்யும். 60 டிகிரிக் கூண்டுக்குள் இன்னொரு எலக்ட்ரானிக் பெட்டியையும் காப்பாற்ற வேண்டியிருக்கும். 12 வாட் மெல்லிய கம்பி அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

மூன்று முறை சுட்டுக்கொண்ட மேலாளர், உபரியாக ஒரு சோலினாய்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில் ஒரு 40 ஆம்பியர் ரிலேயும் ராடின் திருகு மூட்டு ஒன்றும் வைக்கச் சொன்னேன். முதலில் தேவைப்படப்போவது அவைதான். பேனல் கதவின் உட்பக்கம் எலக்ட்ரீசியன் தன் கையெழுத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது: டைமர் 1 நொடி, மாற்றக் கூடாது. பம்ப் கழற்றி மாட்டினால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் பிடிப்பு ஒயரில் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பிளஞ்சரைத் தள்ளிப் பார்க்கவும், ‘டக்’ கேட்க வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும். பிடிப்பு வைண்டிங் 32 டிகிரியில் 12.0 ஓம்.